அரைக் கிடேரி

கைஸ்லலாஹ்தி விரிகுடாவில் செத்த முதல் கிடேரி, கரைநீர் மன்றத்தின் பதிவுப்படி, சாகவே இல்லை. மன்றம் கரையைப் பார்வையிடுவது செவ்வாய்க்கிழமைகளில். கிடேரி செத்தது புதன்கிழமை. வியாழனன்று பிண வண்டி வந்து அதை ஏற்றிச் சென்றுவிட்டது. அடுத்த செவ்வாய் மன்றத்தார் வந்து பார்த்தபோது கரையில் அந்தக் கிடேரி கிடக்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள்.

நடந்ததை முடிந்தவரை வரிசையாக எழுதுகிறேன். நேரங்கள் என் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்தவை. அது இரண்டு நிமிடம் முந்தி ஓடுகிறதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

என் பெயர் சைமி. அம்மாவின் தம்பி தைஸ்தோ மாமாவின் பண்ணையில் வேலை செய்கிறேன். மாமாவின் பத்தொன்பது கிடேரிகள் கோடையில் மேய்வது மன்றத்துக்குச் சொந்தமான கடற்கரைப் புல்வெளியில். பத்தாண்டு ஒப்பந்தம். கரையை நாணல் மூடிவிடாமல் இருக்க, மாடுகள் நீர் விளிம்பு வரை மேய வேண்டும்; ஆகஸ்ட் முப்பத்தொன்று வரை மேய வேண்டும்; பதினைந்துக்குக் குறையாமல் மேய வேண்டும். புல்வெளியின் பூட்டிய வாயில் கதவின் சாவி மன்றத் தலைவரின் மேசைக்குள் இருக்கும். ஒப்பந்தத்தை மீறினால் புல்வெளி போய்விடும். அது போனால் மாமாவின் சொந்த நிலத்தில் பாதி மந்தைக்குத்தான் புல் உண்டு.

ஜூலையில் ஒன்பது நாள் காற்றே இல்லை. பத்தாம் நாள் தென்மேற்குக் காற்று எழுந்து, கடலில் பரந்து கிடந்த நீலப்பச்சைப் பாசியை எல்லாம் எங்கள் விரிகுடாவுக்குள் கூட்டித் தள்ளியது. கரை, எங்கள் ஊரில் வியாழக்கிழமைதோறும் வைக்கும் பட்டாணிச் சூப் போல ஆயிற்று. கிடேரிகள் அதை மூக்கால் விலக்கிவிட்டுக் குடித்தன.

புதன் காலை 6.20-க்கு ரூசினா என்ற செம்பட்டைக் கிடேரி பக்கவாட்டில் கிடந்தது. நான்கு காலும் ஓடிக்கொண்டிருந்தன; உடல் மட்டும் அதே இடத்தில் இருந்தது. தலையைத் தரையில் அடித்து அடித்து ஒரு கண் பிதுங்கியிருந்தது. 7.05-க்கு ஓட்டம் நின்றது. கால்நடை மருத்துவர் வயிற்றைக் கிழித்தபோது கல்லீரல் இரண்டு மடங்கு வீங்கி, கறுத்து, தொட்டதும் கையோடு கரைந்து வந்தது. அதன் இரத்தம் எல்லாம் அந்த ஒரே இடத்தில் சேர்ந்திருந்தது.

குளிர்காலத்தில் ஊர்க் கல்லூரியின் மாலை வகுப்பில் நான் வேதியியல் படித்தேன். தேர்வு சுமாராகத்தான் எழுதினேன். ஆகவே நான் சொல்வதில் பிழை இருக்கலாம். பெயர்தான் பாசி, உண்மையில் அது பாக்டீரியா. அமினோ அமிலங்களைக் கண்ணி கண்ணியாகக் கோத்து ஒரு சங்கிலி செய்கிறது. பிறகு சங்கிலியின் இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கிவிடுகிறது. முனை இல்லாததால் வயிற்றின் அமிலமும் நொதிகளும் அதை எங்கிருந்து வெட்டத் தொடங்குவது என்று தெரியாமல் விட்டுவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. ஏரிப் பாசி பெரும்பாலும் ஏழு கண்ணி வளையம் செய்யும். எங்கள் கடல் பாசி செய்வது ஐந்து கண்ணி வளையம். இரண்டும் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகும்.

மன்றத்திலும் இது தெரிந்திருந்தது. அதனால்தான் அங்கே இரண்டு பிரிவுகள் இருந்தன. புல்வெளியினூடே ஓடும் சிற்றாறு விரிகுடாவில் சேரும் இடத்துப் பாலம்தான் இரண்டுக்கும் எல்லை.

கிடேரி செத்ததைச் சொல்ல மன்ற அலுவலகத்துக்குப் போனேன். எழுகண்ணிப் பிரிவின் தலைவி ஓர்வோக்கி ரன்தசாலோ எனக்குக் காப்பி ஊற்றினார். ஏலக்காய் ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு கேட்டார்.

"மாடு எங்க செத்துச்சு? பாலத்துக்கு மேலயா, கீழயா?"

"குடிச்சது கீழ. கடல் பக்கம். செத்தது கொஞ்சம் மேல, ஆத்துப் பக்கம்."

"செத்த இடம்தான் எங்களுக்கு. பாலத்துக்கு மேல நல்ல தண்ணி, அது என் பிரிவு." மருத்துவரின் தாளைப் படித்தார். "ஆனா இதுல ஐந்து கண்ணின்னு போட்டிருக்கே. என் பிரிவில ஏழு கண்ணி மட்டும்தான்மா விஷம். ஐந்து கண்ணிய நான் பார்க்கவே கூடாது. பார்த்தா அதிகார மீறல்."

"அப்ப யாரு பார்ப்பாங்க?"

"தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம். காப்பிய முடிச்சிட்டுப் போம்மா, அங்க ரொட்டி நேத்தையது."

ஐங்கண்ணிப் பிரிவின் தலைவர் என்சியோ வுவோரென்மா உண்மையிலேயே நேற்றைய ரொட்டிதான் வைத்திருந்தார்.

"ஐந்து கண்ணி எங்களுதுதான், மறுக்கல. ஆனா நாங்க கடல் பிரிவு. மாடு கடல்ல செத்திருக்கணும்."

"மாடு கடல்ல எப்படிங்க சாகும்?"

"அதான் சொல்றேன். பத்தொன்பது வருஷமா எங்க பிரிவில ஒரு மாடுகூட செத்ததில்ல." அவர் குரலில் பெருமை இருந்தது. "நாட்டிலயே இப்படி ஒரு பதிவு வேற எந்தக் கடல் பிரிவுக்கும் கிடையாது."

வீட்டுக்கு வந்து இதை மாமாவிடம் சொன்னேன். மாமா கொட்டகைக்குப் போய் மின்வேலிக் கம்பியை எடுத்து வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து நீர் விளிம்புக்கு நாற்பது அடி இப்பால் கம்பி கட்டினோம். குடிக்கத் தொட்டி வைக்க முடியவில்லை. புல்வெளியில் தொட்டி வைத்தால் அது கட்டடம், அதற்குத் தனி அனுமதி வேண்டும். பாலத்துக்கு மேல் ஆற்றில் குடிக்கட்டும் என்று விட்டோம். இரண்டு நாள் ஒரு கிடேரியும் சாகவில்லை.

மூன்றாம் நாள் மன்றத் தலைவர் யல்மாரி பெய்ப்போ தானே நேரில் வந்தார். கையில் கம்பி வெட்டும் குறடு. கழுத்தில் மன்றத்தின் வெள்ளிச் சங்கிலி.

"தைஸ்தோ, ஒப்பந்தத்தில 'நீர் விளிம்பு வரை'ன்னு இருக்கு. நீ நாப்பது அடி கரைய நாணலுக்கு விட்டுக்கொடுத்துட்ட."

"நாணல் என் மாட்டக் கொல்லல பெய்ப்போ. தண்ணி கொல்லுது."

"தண்ணி விஷம்னு எந்தப் பிரிவாவது சொல்லிச்சா? சொல்லல. சொல்லாத விஷத்துக்கு வேலி போட்டா, நாளைக்கு ஜனங்க என்ன நினைப்பாங்க? விஷம் இருக்குன்னு நினைப்பாங்க."

"கம்பில கரண்டு ஓடுது. அணைச்சிட்டு வரேன், இரு."

"மன்றம் யாருக்காகவும் காத்திருக்காது" என்று சொல்லிப் பெய்ப்போ கம்பியை வெட்டினார். அறுந்த கம்பி சுருண்டு வந்து வெள்ளிச் சங்கிலியில் ஒட்டிக்கொண்டது. அவர் ஒவ்வொரு நொடிக்கும் ஒருமுறை துள்ளினார். மாமா ஓடிப்போய் அணைக்க நாற்பது நொடி ஆயிற்று. நாற்பது என்பது என் மதிப்பு. துள்ளல்களை எண்ணினேன், இடையில் ஒன்றிரண்டு விட்டிருக்கலாம். கழுத்தைச் சுற்றிச் சங்கிலியின் அச்சு சிவப்பாக விழுந்திருந்தது. எழுந்து புல்லைத் தட்டிவிட்டு, "வேலி அகற்றப்பட்டது" என்று எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஐந்து கிடேரிகள். மூன்று ஏற்கெனவே விறைத்திருந்தன. இரண்டு இன்னும் உதைத்துக்கொண்டிருந்தன. ஒன்று தன் நாக்கையே கடித்துத் துண்டாக்கியிருந்தது. மாமா வீட்டுக்குப் போய் மூஸ் மான் வேட்டைத் துப்பாக்கியை எடுத்து வந்தார். ஒன்றுக்கு ஒரு குண்டு. இரண்டாவதற்கு இரண்டு குண்டு ஆயிற்று. மீதிப் பதின்மூன்றும் சத்தத்தில் ஓடிப்போய், தண்ணீரில் நின்றன. நின்ற இடத்திலேயே குடித்தன.

துப்பாக்கியால் சுட்ட இரண்டும் பாசியால் சாகவில்லை என்று மன்றம் எழுதியது. அது சரிதான். மற்ற மூன்றும் கரையில் கிடந்ததால் கடலில் சாகவில்லை. பாலத்துக்குக் கீழே கிடந்ததால் நல்ல தண்ணீரிலும் சாகவில்லை. அந்த வார அறிக்கையில் விரிகுடாவின் பாசி நிலை பூஜ்யம்.

ஆகவே திங்களன்று பாலத்தின் நேர் அடியில் ஒரு கிடேரி செத்தபோது, அதை யாராலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. தலையும் முன்கால்களும் கடல் பக்கம். பின்பகுதி ஆற்றுப் பக்கம். வயிறு சரியாக எல்லைக் கோட்டில். மறுநாள் செவ்வாய். பார்வை நாள்.

இரண்டு பிரிவுகளும் காலை எட்டு மணிக்கே ஆளுக்கொரு டிராக்டருடன் வந்துவிட்டன. கிடேரியை அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டால் போதும். ஆனால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. அதனால் என்சியோவின் டிராக்டர் ஆற்றுப் பக்கம் நின்று இழுக்க வேண்டும். ஓர்வோக்கியின் டிராக்டர் கடல் பக்கம் நின்று இழுக்க வேண்டும். அடுத்தவர் எல்லைக்குள் நுழைய அனுமதி தேவை. ஒருவருக்கொருவர் அனுமதிச் சீட்டு எழுதி, கைகுலுக்கி, நன்றி சொல்லிக்கொண்டார்கள்.

"ஓர்வோக்கி அம்மா, சங்கிலிய கழுத்தில போடாதீங்க, அறுந்துடும். முன்கால்ல போடுங்க."

"சொன்னதுக்கு நன்றி என்சியோ. நீங்களும் இடுப்பெலும்புக்கு மேல கட்டுங்க, அதான் பிடிக்கும்."

மாமா ஓடிவந்தார். "யோவ்! அது மாடுய்யா! கயிறிழுக்கிற பந்தயமா இது?"

"விலகு தைஸ்தோ. சங்கிலி தெறிச்சா கால் போயிடும்" என்றார் என்சியோ.

இரண்டு டிராக்டரும் சேற்றை வாரி இறைத்தன. கிடேரி தரையை விட்டு எழுந்தது. ஒரு கணம் பாலத்தடியில், இரண்டு பக்கமும் இழுபட்டு, உயிரோடு இருந்தபோது அது ஒருபோதும் இல்லாத அளவு நீளமாகத் தொங்கியது. பிறகு விலாவுக்குப் பின்னால் கிழிந்தது. அந்தச் சத்தத்தை எழுதச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஈரச் சாக்கைக் கிழிப்பது போல என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன்; அதைவிடச் சத்தம் அதிகம். ஓர்வோக்கியின் முகத்திலிருந்து காலணி வரை இரத்தமும் குடலின் பச்சையும் வழிந்தன. ஆற்றுப் பக்க டிராக்டர் திடீரென விடுபட்டு, ஓட்டுநரோடு கரைச் சரிவில் கவிழ்ந்தது. அவருக்குக் காறை எலும்பு முறிந்தது.

முன்பாதி கடல் பக்கம், பின்பாதி ஆற்றுப் பக்கம். ஓர்வோக்கி கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிவத்தைப் பார்த்தார்.

"அரை மாடு."

"இங்கயும் அரை" என்றார் என்சியோ.

"விதிப்படி முழு எண்தான் எழுதணும். அரைய எப்படிப் போடறது?"

"கீழ இறக்கித்தான் போடணும்."

இரண்டு பிரிவும் பூஜ்யம் என்று எழுதின. மாமா அப்போதுதான் என்சியோவை அறைந்தார். ஒரே அறை, இரண்டு பற்கள் சேற்றில் விழுந்தன. அவற்றை நான் பொறுக்கிக் கொடுத்தேன். எதற்காகக் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

வெள்ளியன்று மன்றம் எங்களைக் கூட்டத்துக்கு அழைத்தது. வழக்கமாக முக்கிய முடிவுகளைச் சவுனா என்ற நீராவிக் குளியலறையில்தான் எடுப்பார்கள். ஆனால் ஆண்கள் முறை ஐந்து மணிக்கு, பெண்கள் முறை ஏழு மணிக்கு என்பதால் இரண்டு பிரிவும் ஒரே வியர்வையில் உட்கார வழியில்லை. காப்பி அறையில் நடந்தது. பெய்ப்போ மரச்சுத்தியால் மேசையைத் தட்டித் தொடங்கினார். அறைந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. அது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

"முதல் விஷயம்" என்றார் பெய்ப்போ. "தைஸ்தோவின் புல்வெளியில் இப்போது பன்னிரண்டு மாடுதான் மேய்கிறது. குறைந்தபட்சம் பதினைந்து. மூன்று மாடு புதிதாகக் கொண்டுவிட வேண்டும். திங்களுக்குள்."

நான் கையைத் தூக்கினேன். "தலைவரே, ஏழு எப்படிச் செத்துச்சுன்னு தெரியாம இன்னும் மூணை எப்படி விடறது? கதவ மட்டும் திறந்து விடுங்க. மிச்சப் பன்னெண்டையும் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடறோம்."

"கதவைத் திறக்க இரண்டு பிரிவின் கையெழுத்தும் வேண்டும்மா. நீர் விஷம் என்று இரண்டு பேரும் சொல்ல வேண்டும்."

"விஷம்னு சொல்லத் தயார்" என்றார் ஓர்வோக்கி. "ஐந்து கண்ணி விஷம்னு என்சியோ முதல்ல சொன்னா."

பல் போன வாயால் என்சியோ பேசியது சீழ்க்கை போல வந்தது. "நான் எதுக்கும்மா முதல்ல சொல்லணும்? பத்தொன்பது வருஷப் பதிவு என்னுது! உங்க ஏழு கண்ணியும் அந்தத் தண்ணில இருக்கும். நீங்க தேடவே இல்ல."

"என் ஆத்துத் தண்ணியிலயா? உங்க சாக்கடைக் கடல்லேருந்துதான் எல்லாம் வருது!"

"சாக்கடையா? உங்க ஆறுதானே ஊர்ச் சாணத்தையெல்லாம் கொண்டாந்து என் கடல்ல கொட்டுது? என் பாசிக்குச் சோறு போடறதே நீங்கதான்!"

ஓர்வோக்கி காப்பிப் பாத்திரத்தை எறிந்தார். அது என்சியோவின் நெற்றியில் பட்டு, மூடி கழன்று, கொதிக்கும் காப்பி மடியில் கொட்டியது. என்சியோ அலறிக்கொண்டே மேசைமேல் ஏறி ஓர்வோக்கியின் முடியைப் பிடித்தார். ஓர்வோக்கி அவர் கட்டைவிரலைக் கடித்தார், எலும்பு வரை. பெய்ப்போ அமைதிக்காகச் சுத்தியால் தட்டினார். மேசைமேல் என்சியோவின் முழங்கால் இருந்தது. முதல் தட்டு அதில் விழுந்தது. இரண்டாவது ஓர்வோக்கியின் மணிக்கட்டில். மூன்றாவது அவருடைய சொந்தச் சுண்டுவிரலில். மாமா அசையாமல் உட்கார்ந்து ஏலக்காய் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அந்த அறையில் அன்று யாரையும் அடிக்காத ஆண் அவர் ஒருவர்தான்.

"இரண்டாவது விஷயம்" என்றார் பெய்ப்போ, விரலைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு.

கூட்டக் குறிப்பைச் சரிபார்க்க வழக்கம்போல இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குறிப்பை நான் பார்த்தேன். இரத்தத்தில் தாள்கள் ஒட்டியிருந்தன, பிரித்துப் படித்தேன். "கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது. முடிவு: தற்போதைய நிலை தொடரும்."

கூட்டம் மூன்று மணி நேரம் பத்து நிமிடம் நடந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது மேலும் மூன்று கிடேரிகள் செத்திருந்தன.

மீதி ஒன்பது.

மாமா வேலியோரம் உட்கார்ந்துவிட்டார். "கதவ உடைச்சா புல்வெளி போயிடும் சைமி. அடுத்த வருஷம் மந்தையில பாதிய விக்கணும்."

"உடைக்கலன்னா பாதிகூட இருக்காது மாமா."

"நீ சரியாத்தான் கணக்குப் போட்டியா?"

"தெரியல. ரெண்டு தடவ போட்டேன்."

மாமா புல்லைத் தட்டிவிட்டு எழுந்தார். பிறகு, "மரம் அறுக்கிற மெஷின்ல எண்ணெய் இருக்கா பாரு" என்றார்.

சனி காலை 5.15. நான் கதவை அறுக்கவில்லை. பூட்டு மன்றத்தின் சொத்து, அதைச் சேதப்படுத்தினால் தனிக் குற்றம். கதவின் இரு புறமும் மும்மூன்று வேலிக் கம்பங்களை அறுத்தேன். பூட்டிய கதவு பூட்டியபடியே புல்லில் சாய்ந்தது. அதற்குள் இரண்டு கிடேரிகள் முழங்காலிட்டு விழுந்திருந்தன. மாமா துப்பாக்கியை எடுத்தார். இந்த முறை ஒன்றுக்கு ஒரு குண்டுதான். மீதி ஏழையும் ஓட்டிக்கொண்டு பாலம் கடந்து வந்து தொழுவத்தில் அடைத்தோம்.

ஒன்பது மணிக்கு மூவரும் வந்தார்கள். பெய்ப்போ விரலில் கட்டுடன், ஓர்வோக்கி மணிக்கட்டில் மாவுக்கட்டுடன், என்சியோ ஊன்றுகோலுடன். என்சியோவும் ஓர்வோக்கியும் ஒரே காரில், பின் இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது எனக்கு வியப்பாக இருந்தது. இருவரும் கையெழுத்திட்ட ஒரே தாள் பெய்ப்போவிடம் இருந்தது. மன்ற வரலாற்றில் முதல் கூட்டு ஆணை: ஏழு மாடுகளும் உடனே புல்வெளிக்குத் திரும்ப வேண்டும்.

"இதுல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சா?" என்றார் மாமா.

"மாடு எல்லைக்குள்ள இருக்கணும்கிறதில எங்களுக்கு என்னைக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்ல" என்றார் ஓர்வோக்கி.

"உள்ள போகாதீங்க. ஒரு வாரமா சாவப் பார்த்த மாடுங்க. மிரண்டு கிடக்குதுங்க."

"மாடுகளுக்கு நாங்களே ஆணையைப் படித்துக் காட்டி ஓட்டிக்கொள்வோம்" என்று சொல்லிப் பெய்ப்போ தொழுவக் கதவைத் திறந்து உள்ளே போனார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். என்சியோ ஊன்றுகோலால் முதல் கிடேரியின் பின்புறம் தட்டினார்.

பிறகு நடந்ததை நான் கதவிடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். முழுவதும் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கிடேரி பின்னங்காலை வீசியது. ஊன்றுகோல் உடைந்து கூரைக்குப் போனது. என்சியோ சுவருக்குப் போனார். ஏழும் ஒரே நேரத்தில் கதவை நோக்கித் திரும்பின. கதவுக்கு நேர் முன்னால் பெய்ப்போ நின்றார். தாளை நீட்டிப் பிடித்திருந்தார். அவரை மிதித்து, திரும்பி, இடமில்லாமல் மறுபடி மிதித்தன. ஓர்வோக்கி தீவனத் தொட்டிக்குள் ஏறிக்கொள்ளப் பார்த்தார். ஒன்று தலையால் முட்டி அவரைத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே அழுத்தியது. மாமா உள்ளே பாய்ந்து, கிடேரிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாக மூலைக்குத் தள்ளினார். அவருக்கும் ஒரு விலா போயிற்று. மூவரையும் நாங்கள் தூக்கி வெளியே போட்டோம். மொத்தம் பதினோரு எலும்புகள் என்று பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள். யாரும் சாகவில்லை.

ஆம்புலன்சில் ஏற்றும்போது பெய்ப்போ கண் திறந்தார். "எழுதிக்கோம்மா" என்றார் என்னிடம். "ஆணை வழங்கப்பட்டது."

புல்வெளி போய்விட்டது. கடிதம் புதன்கிழமை வந்தது. அதே உறையில் அந்த வார அறிக்கையும் இருந்தது: கைஸ்லலாஹ்தி கரையில் சென்ற வாரம் கால்நடை இறப்பு எதுவும் இல்லை, நிலைமை வெகுவாகத் தேறியுள்ளது, மன்றத்தின் உறுதியான நடவடிக்கையே காரணம், நீச்சலுக்கு ஏற்றது. மாமா படித்துவிட்டு அடுப்பில் போட்டார்.

அன்று மாலை நான் தொழுவத்தில் கிணற்று நீரை வாளியில் பிடித்தேன். ஏழும் கழுத்தை நீட்டிக் கத்தின. வாளியைக் கீழே வைக்கப் போனேன், கை வரவில்லை. அந்தக் கிணறு நாற்பது வருடமாக எங்கள் வீட்டுக்குக் காப்பி போடும் கிணறு. மலைப்பாறையைத் துளைத்தது. கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, மேட்டில் இருக்கிறது. அது எல்லாம் எனக்குத் தெரியும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது.

"என்னடி நிக்கற? தாகத்தில செத்துடப் போவுதுங்க!" என்று விலாவைப் பிடித்துக்கொண்டு மாமா வாசலிலிருந்து கத்தினார்.

"ஒரு நிமிஷம் மாமா."

நான் வாளியிலிருந்து இரண்டு கை நிறைய அள்ளிக் குடித்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.